சமாதானம் ஆன பிறகு காலனிக்குப் போகாத பஸ்

காலையில் கம்பெனி கேட்டைத் தாண்டும்போதே போன் வந்தது. எங்கள் பஸ் டிரைவர் பாஷா பாய்.

"மேடம், வண்டிய நவுர்த்த உட மாட்டேன்றாங்க. ஊர்க்காரங்க குறுக்க நிக்கறாங்க. காலனிப் பொண்ணுங்கள எறக்கினாத்தான் வழியாம். இன்னா செய்யட்டும்?"

"யாரையும் எறக்காதீங்க பாய். நான் வர்றேன்."

ஆம்பூர் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைக்கிற ஒரு கம்பெனியில் நான் வெல்ஃபேர் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள். கேன்டீன் சாம்பார், கழிவறைத் தண்ணீர், பஸ் என்றுதான் என் நாட்கள் போயின. ஹெச்.ஆர். படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களையும் ஒரு நாள் சமாதானம் பேசக் கூப்பிடுவார்கள்.

என்ன நடந்தது

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் அது. மெயின் ரோட்டிலிருந்து பிரிந்தால் முதலில் ஊர்த்தெரு, அதன் கடைசியில் தலித் மக்களின் காலனி. இரண்டு பக்கத்துப் பெண்களும் எங்கள் பஸ்ஸில்தான் வேலைக்கு வந்தார்கள். முந்தைய நாள் காலனியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கார் பேண்டு வாத்தியத்தோடு ஊர்த்தெரு வழியாகப் போனது. ஏரிக்கரையில் ஒரு மண்பாதை உண்டு, ஆனால் அதில் கார் போகாது. தெருவில் காரை மறித்துக் கல்லெறிந்தார்கள். கண்ணாடி உடைந்தது. வாத்தியக்காரர் ஒருவருக்கு மண்டையில் காயம். போலீஸ் வந்து இரண்டு பக்கத்தையும் அதட்டிவிட்டுப் போனது. வழக்கு எதுவும் பதிவாகவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் காலனிப் பெண்கள் தாங்களாகவே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று தையல் லைனில் பாதி மெஷின் ஓடவில்லை.

சோபாவில் பேசியது

மறுநாள் கம்பெனியிலேயே, ஜி.எம். அறை சோபாவில், அமைதிக் கூட்டம் வைத்தார்கள். எங்கள் ஜி.எம்., ஒரு அரசு அதிகாரி, ஊர்ப் பெரியவர்கள். காலனியிலிருந்து இரண்டு ஆண்கள். பஸ்ஸில் வருகிற பெண் ஒருத்தியைக்கூடக் கூப்பிடவில்லை. ஏன் என்று ஜி.எம்.மைக் கேட்டேன்.

"யார் சரி, யார் தப்புன்னு விசாரிக்க நாம கோர்ட்டா நடத்துறோம் மேடம்? வெள்ளிக்கிழமை கன்டெய்னர் கெளம்பணும். லைன்ல ஆள் இல்ல."

ஊர்ப் பெரியவர் தணிந்த குரலில் பேசினார். "சார், நாங்க சண்டைக்காரங்க இல்ல. இத்தினி நாள் எப்படி இருந்தாங்களோ அப்படி இருந்தா ஒரு பேஜாரும் இல்ல. எங்க தெருப்பக்கம் அவங்க வண்டி வேணாம். ஏரிக்கரையால நடந்து வந்து மெயின் ரோட்ல ஏறிக்கட்டும்."

காலனிக்காரர் ஒருவர் எழுந்தார். "சார், கல்லடி பட்டது எங்க ஆளு. இப்ப நடக்கறதும் எங்க பொண்ணுங்களா?"

"கொஞ்சம் விட்டுக் குடுங்கய்யா. இத்தன பேரோட வேலை இது" என்றார் ஜி.எம்.

"விட்டுக் குடுக்கச் சொல்றதா இருந்தா கல்லெறிஞ்சவங்ககிட்ட சொல்லணும் சார்" என்றேன். அவர் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஊருக்கு ஒரு பஸ், காலனிக்கு மெயின் ரோட்டில் ஒரு வேன் என்று முடிவானது. வேலை போய்விடுமோ என்று பயந்து காலனிக்காரர்கள் தலையாட்டினார்கள். டீயும் சமோசாவும் வந்தன. எல்லோரும் கைகுலுக்குவது போல ஒரு போட்டோ எடுத்தார்கள்.

கேட்டுக்கு உள்ளே, வெளியே

தேவி ஊர்ப்பெண். சுமதி காலனிப்பெண். தேவி தைத்துத் தள்ளுகிற தோலில் சுமதி லைனிங் சேர்ப்பாள். பக்கத்துப் பக்கத்து மெஷின், ஒரே தண்ணீர் பாட்டில். கூட்டத்துக்குப் பிறகும் லைனில் அப்படியேதான் இருந்தார்கள்.

தேவி ஒரு நாள் சொன்னாள்: "உள்ள இருக்கறவரைக்கும் பேசிக்கறோம் மேடம். கேட்டு தாண்டினா அவள நான் பார்க்கவே கூடாதாம். எங்க அண்ணன் சொல்லிட்டான்."

சுமதி சொன்னது வேறு. ஏரிக்கரையில் ஊர்ப் பசங்க பைக்கில் வந்து உரசுகிறார்கள், கண்டபடி பேசுகிறார்கள். ஜி.எம்.மிடம் இரண்டு முறை போனேன். "இப்பத்தான் அடங்கியிருக்கு. கிளறாதீங்க மேடம்" என்றார். பாஷா பாய் தயாராக இருந்தார். "நான் ஓட்டறேன் மேடம், ஆர்டர் குடுக்கச் சொல்லுங்க." ஆர்டர் வரவில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம் கரையில் கல் பறந்தது. முகத்தைக் காப்பாற்றக் கையைத் தூக்கினாள் சுமதி. வலது கை விரல்கள் நொறுங்கின.

வேலூர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"சமாதானம் பேச அனுப்பினாங்களா மேடம்?"

"இல்லம்மா. உன்னப் பார்க்கத்தான் வந்தேன்."

"பார்த்துட்டுப் போய்டாதீங்க. கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கேன். கரையில பசங்க தொல்லைன்னு உங்ககிட்ட முன்னயே சொன்னேன் இல்ல, அத வந்து சாட்சி சொல்லுவீங்களா?"

"சொல்றேன்" என்றேன்.

அடுத்த வாரம் ஜி.எம். கூப்பிட்டார். "அந்தப் பொண்ண வாபஸ் வாங்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரி செலவ கம்பெனி பார்த்துக்கும். ஊர் அமைதியா இருக்கணும் இல்லையா?"

"அவ வாய மூடிக்கிறதத்தான் நீங்க அமைதின்றீங்க சார்" என்றேன். அதோடு என்னை குடோனுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அட்டைப்பெட்டிகளோடுதான் இருந்தேன்.

தேவி ஒரு மதியம் குடோனுக்கு வந்தாள். "யார் எறிஞ்சதுன்னு எனக்குத் தெரியும் மேடம். வீட்லயே பெருமையா பேசிக்கறாங்க. சொன்னா என்னை உயிரோட விட மாட்டாங்க." அழுதாள். நான் அவளை வற்புறுத்தவில்லை. பயம் என்றால் என்னவென்று அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோர்ட்டும் பஸ்ஸும்

வழக்கு பதிவானதும், எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்குச் செய்தி போய்விட்டது. அவர்கள் ஆள் வந்து கேள்வி கேட்டார். மறு வாரமே பஸ் காலனிக்குப் போனது, முன்னால் இரண்டு போலீஸ்காரர்களோடு. ஊர்க்காரர்கள் தெருவோரம் நின்று பார்த்தார்கள். யாரும் மறிக்கவில்லை. ஒரு ஆர்டர், இரண்டு போலீஸ். முதல் நாளே அதைச் செய்திருந்தால் ஒரு பெண்ணின் கை மிஞ்சியிருக்கும்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கேட்டார்: "அமைதிக் கூட்டத்துக்கு அப்புறம் ஊர்த்தெருவுல ஒரு தகராறும் நடக்கல, அப்படித்தானே?"

"அந்தத் தெருவுல அவங்க நடக்கவே இல்லங்க. அப்புறம் எப்படி நடக்கும்?"

ஆள் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்று, கைதான ஊர்ப் பையன்கள் எல்லோரையும் விடுதலை செய்துவிட்டார்கள். வெளியே ஊர்க்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். சுமதியின் இரண்டு விரல்கள் மடங்காது, மெஷினில் உட்கார முடியாது. கம்பெனி அவளைத் தரை கூட்டுகிற வேலைக்குக் கூப்பிட்டது. அவள் போகவில்லை. காலனியிலேயே இட்லிக்கடை போட்டிருக்கிறாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சமாதானக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், அடிபட்டவர் அந்த அறையில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உட்காராதீர்கள். அடித்தவனுக்குத் தண்டனை உண்டா என்று அடுத்ததாகக் கேளுங்கள். கேட்டால் உங்களைக் குடோனுக்கு அனுப்பலாம். போய்விடுங்கள்.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில், "தோத்துட்டமேம்மா" என்றேன் சுமதியிடம்.

"ஆமா மேடம். ஆனா எனக்கு என்னா நடந்துச்சுன்னு இந்தக் கோர்ட்லதான் மொத தடவையா ஒருத்தர் என்னைக் கேட்டாரு" என்றாள்.