உதட்டில் நாலு குண்டூசி

மாஸ்டர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவரில்லை. ஆனால் வாசலில் ஆள் வந்து நின்றால் போதும், டேப் எடுக்காமலே தோள் அளவு சொல்லிவிடுவார். கால் அங்குலம் பிசகினால் மீசையை மழித்துக்கொள்வதாகப் பந்தயம் கட்டுவார். மீசை இன்றைக்கும் இருக்கிறது. ஒற்றைத் தையல் மெஷினில் தொடங்கி மூன்று கடை போட்ட மனிதர், யார் தயவும் இல்லாமல். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லும்போது மட்டும் அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

முதல் கடையில் அவர் தங்கைதான் காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், ஓரம் மடிப்பாள். வருகிறவர்கள் மாடல் பார்த்துச் சொல்லட்டும் என்று பழைய பேஷன் பத்திரிகைகளைக் கட்டாக வாங்கிப் போட்டிருந்தார் மாஸ்டர். மத்தியானத்தில் அவள் அவற்றைப் புரட்டுவாள். அது என்ன மொழி என்றே தெரியாது. படத்தில் ஒரு மடிப்பு எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பாள்.

ஒரு நாள் பத்திரிகையோடு ஓடி வந்தாள்.

"அண்ணே, இந்தப் படத்தப் பாரேன்!"

தலை நரைத்த அம்மா ஒருத்தி, ஒரு பெண்ணின் பாவாடை ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். உதட்டில் நாலு குண்டூசி.

"இந்த புக்ல இருக்கற டிசைன் பூரா இவங்க யோசிச்சதாம். ஜாக்கெட் தைக்க வந்த டீச்சரம்மா படிச்சுச் சொன்னாங்க. என்னை மாதிரியே வாயில ஊசிண்ணே!"

"முழுங்கித் தொலைக்கப் போறா. நீ போய் காஜாவ முடி."

அன்றிலிருந்து, அளவு வெட்டி மிஞ்சிய காகிதத்தில் அவள் வரையத் தொடங்கினாள். மூன்றே மாதம். மிச்சத் துணிகளை இணைத்து ஒரு கோட்டு தைத்துவிட்டாள். கழுத்துப் பட்டையே ஒரு பக்கமாக இறங்கி, இடுப்பில் பாக்கெட்டாகத் திரும்பும்.

"இது கோட்டா, யானைக் காதா?" என்று கேலி செய்த மாஸ்டர், உள்பக்கத்துத் தையலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். லேபிள் இல்லாமல் ஒரு கைக்குட்டைகூட அந்தக் கடையிலிருந்து வெளியே போகாது. கோட்டின் கழுத்திலும் தன் பெயர் போட்ட லேபிளை வைத்துத் தைத்து, தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினார்.

ஒரு வாரத்தில் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி அந்தக் கோட்டைப் பார்த்து உள்ளே வந்தாள்.

"இத யோசிச்சது யாருங்க? எங்க பத்திரிகைப் படங்களுக்கு டிரெஸ் டிசைன் பண்ண ஒரு ஆள் தேடறோம்."

தங்கை அப்போது வாடிக்கைக்காரி ஒருத்தியின் காலடியில் முட்டி போட்டு, ஓரம் குத்திக்கொண்டிருந்தாள். உதட்டில் நாலு குண்டூசி. விசுக்கென்று நிமிர்ந்தாள். ஒன்றை எடுத்தாள். இரண்டை எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள்.

"நான்தாங்க," என்றார் மாஸ்டர். "லேபிளப் பாருங்க."

நாக்கு முந்திக்கொண்டது. கடையில் எதுவானாலும் 'நம்ம கை' என்றே சொல்லிப் பழகிய நாக்கு. எடுத்த மூன்று ஊசிகளையும் தங்கை மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டாள்.

வேலைக்கு மாஸ்டர் போகவில்லை, கடை இருக்கிறதே. கழுத்தில் டேப்போடு, கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் அவர் படம் மட்டும் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு வந்தது. கூட்டம் நெரிந்தது. அடுத்த இரண்டு கடைகளும் அந்தக் கூட்டம் போட்டவைதான். அதே போலப் புதுசாக இன்னொரு டிசைன் கேட்டவர்களுக்கு மட்டும் பழைய பத்திரிகைக் கட்டைக் கை காட்டினார். தங்கை அதற்குப் பின் வரையவே இல்லை. கல்யாணமாகி, படுக்கை விரிப்பு ஆலையில் ஓரம் அடிக்கப் போனாள். "நேர் தையல்தாண்ணே, யோசிக்கவே வேணாம்."

எழுபது வயதில், சட்டம் போட்ட அந்தப் பக்கத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு மாஸ்டர் அவள் வீட்டுக்குப் போனார்.

"அது உன் கோட்டுன்னு அந்தப் பத்திரிகைக்கே எழுதிப் போடச் சொல்றேன், குட்டி."

"அந்த ஆபீஸ மூடிப் பத்து வருஷமாச்சேண்ணே." சட்டத்தை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். "அன்னிக்கு ஒரே ஒரு ஊசிதான் பாக்கி."

மாஸ்டர் தலை குனிந்தார்.

"பட்டன் தொங்குது பாரு. மூணு கடை வச்சு என்ன? சட்டையக் கழட்டு."

நூலைக் கோத்துவிட்டு, முடிச்சுப் போடும் வரைக்கும் ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டாள். மாஸ்டர் பனியனோடு உட்கார்ந்து காத்திருந்தார், இந்த முறை குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல். ஊசியை எடுத்த பிறகும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.