வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு பூசாத சவரியம்மா அக்கா

கம்பளையிலிருந்து ரயிலில் கீரைக்கட்டோடு வரும் அந்தோனியம்மாதான் செய்தியைக் கொண்டுவந்தாள். ஞாயிறு பூசை முடிந்து நான் கோயில் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"ஒங்க சவரியம்மா அக்கா போயிட்டாங்க. செவ்வாக்கெழமையே அடக்கம் பண்ணிட்டாங்களாம். நெஞ்சுச்சளியாம்" என்றாள்.

அப்படியென்றால் ஐந்து நாளாக, மண்ணுக்குள் போய்விட்ட ஒருவரின் சுகத்துக்காக நான் செபமாலை சொல்லியிருக்கிறேன்.

நெஞ்சுச்சளி என்பது பாதிச் செய்தி. ஒழுகும் கூரைக்குக் கீழே படுத்துச் செத்தார் என்பது மீதி. பேராதனைப் பாதையில் நம் வரிசையிலுள்ள ஏழு வீட்டுக் கூரை ஒழுகலையும் நிறுத்தியவர் அவர். இந்த வரிசைப் பெண்களே, உங்கள் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்ததை எழுதிவைக்காவிட்டால் நாளைக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவீர்கள். ஆகையால் எழுதுகிறேன்.

புருஷன் காய்ச்சலில் போனபின் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து, கோப்பி ஸ்டோரில் கொட்டை பொறுக்கிப் பிழைத்தவர் அக்கா. ஸ்டோருக்குச் சுவர் எழுப்பிய நாட்களில், கை கோப்பியிலும் கண் கொத்தனாரிலுமாக இருந்து வேலையைக் கற்றுக்கொண்டாராம். யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கும் செபப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்து வந்தது. அதனால்தானோ என்னவோ, பக்கத்து வீட்டுக்கு அவர் குடிவந்த மாதமே இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

முதல் மழையில் என் அடுப்புக்கு நேர்மேலே சொட்டியது. அந்த இடத்துக் கூரை ஓடு ஒன்றை மாற்றித்தரச் சொல்லிக் கூப்பிட்டேன். அக்கா சிரித்தார். "சொட்டுற எடத்துல ஓட்டை இருக்காது தங்கச்சி. தண்ணி கள்ளன் மாதிரி. பூர்ற வாசல் வேற, வர்ற வாசல் வேற." விளக்கைத் தூக்கிப் பிடித்து, மரத்தில் ஈரம் ஓடிவந்த கோட்டைப் பின்தொடர்ந்து, இரண்டு முழம் மேலே விரிசல் விட்டிருந்த ஓடு ஒன்றைக் காட்டினார். மழை விடும்வரை சொட்டும் இடத்தில் ஒரு நூலைக் கட்டிப் பானைக்குள் தொங்கவிட்டார். தண்ணீர் சத்தமில்லாமல் நூல்வழியே இறங்கியது. ஓடு காய்ந்த மறுநாள்தான் ஏறினார். ஓட்டின் நடுவில் மிதிக்காமல், கீழே மரம் தாங்கும் இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

பாதையில் போன வண்டிக்காரன் ஒருவன், "என்னா அக்கா, மோச்சத்துக்கு ஏணி போட்டாச்சா?" என்று கத்தினான்.

"ஒன் வீட்டு ஓட்டை வழியா பாத்தாலே மோச்சம் தெரியுமே, எனக்கு எதுக்குய்யா ஏணி?" என்றார் மேலேயிருந்து. அடுத்த வாரம் அவன் பெண்சாதி வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

எல்லாம் முதல் தடவையே சரிவந்ததில்லை. குச்சி கட்டி மண் அப்பிய வரிச்சிச் சுவர் வெடித்தபோது, வைக்கோலுக்குப் பதிலாக ஸ்டோரில் சும்மா கிடந்த கோப்பி உமியை மண்ணோடு குழைத்துப் பூசினார். மூன்றே நாளில் பலகை பலகையாகக் கழன்று விழுந்தது. விழுந்ததைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தொர வீட்டுக் கோப்பி, நம்ம மண்ணோட ஒட்டுமா?" என்றார். பிறகு தேங்காய்த் தும்பு நாரை விரல்நீளம் வெட்டிச் சேர்த்து, பழைய சுவரை நன்றாக நனைத்தபின் பூசினார். அந்தச் சுவர் இன்னமும் நிற்கிறது.

மழைக்காலத்தில் ஊதி இறுகும் கதவை உடனே சீவக்கூடாது, வெயில் வந்தால் இடைவெளி விழும் என்பார். உரசும் ஓரத்தில் மெழுகு தேய்த்தால் போதும். அதற்கு அவர் எடுத்தது கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரி. நான் பதறிப்போய், "மந்திரிச்ச திரி அக்கா!" என்றேன். "ஆண்டவருக்கு எரிஞ்சது போக மிச்சந்தானே தங்கச்சி. யோசேப்பு தச்சர் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். நம் வரிசைக் கதவுகள் சத்தமில்லாமல் சாத்துவது அந்தத் திரியால்தான்.

அவருடைய ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. திருநாளுக்கு எல்லாரும் வாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம். அக்கா உள்ளே மட்டும் அடிப்பார். உப்பும் கஞ்சித்தண்ணியும் கலந்து, கை வைத்தால் ஒட்டாத வெள்ளையாக. வெளியே பாசி பிடித்தபடியே விட்டுவிடுவார். மாற்றிய ஓட்டின்மேல் சாணிக்கரைசலைத் தெளித்துப் பழசாக்குவார். இந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் சொந்தக்காரரான முதலாளி வரும் நாளில், ஒழுகாத கூரைக்குக் கீழே தண்ணீர்ப் பானையை வைத்துவிட்டு, "ஒழுகுது முதலாளி, என்னா செய்ய?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார். முதலாளி மூக்கைச் சுளித்துக்கொண்டு வாசலோடு போய்விடுவார்.

"பொய் பாவமில்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"நல்ல வீடுன்னு தெரிஞ்சா, நமக்கு வைப்பாங்கன்னு நெனைக்கிறியா?" என்றார்.

எனக்கு அது அவநம்பிக்கையாகப் பட்டது. அவருக்காகப் பங்குச் சுவாமியிடம் ஒரு பூசை கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒரு வருஷம் அவர் வீட்டு முகட்டு மரத்தில் கறையான் ஏறியது. மண்புற்றைச் சுரண்டினார், தார் பூசினார். கத்தியைக் குத்தினால் பிடிவரை இறங்கியது. "இது என் கைக்கு மிஞ்சினது" என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். புது மரம் வீட்டுக்காரர்தான் போட வேண்டும். கேட்கலாம் என்றேன். வேண்டாம், முட்டுக் கொடுத்துக்கொள்கிறேன் என்றார்.

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. எந்தத் திருநாளை ஒட்டி எந்த ஓடு மாற்றினார், எந்தச் சுவர் எந்த மழைக்குமுன் பூசினார் என்று என் கணக்குப் புத்தகத்தில் ஒன்று விடாமல் எழுதிவைத்திருந்தேன். இத்தனையும் ஒரு பெண் தன் கையால் செய்திருக்கிறாள் என்று கண்டால், ஒரு மரம் தர எவருக்கும் மனது வரும் என்று நம்பினேன். அக்கா ஸ்டோருக்குப் போயிருந்த நேரம், வாசலுக்கு வந்த முதலாளியிடம் அந்தப் பட்டியலை நீட்டினேன்.

அவர் நின்று நிதானமாகப் படித்தார். முதல்தடவையாக அக்கா வீட்டுக்குள் நுழைந்தார். சுவரைத் தட்டினார். கதவைத் திறந்து சாத்தி, திறந்து சாத்திப் பார்த்தார். "நல்லாத்தான் வச்சிருக்கு" என்று பட்டியலை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

மரம் வந்தது. பத்து நாளில் தச்சனோடு வந்தது. கூடவே, வீட்டைக் காலிபண்ணச் சொல்லி ஆளும் வந்தான். முதலாளிக்குக் கணக்கெழுதும் கிளாக்கர் ஐயாவுக்குக் கலியாணமாம், நல்ல வீடாக வேண்டுமாம்.

நான் அழுதேன். அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். "நீ எழுதினதுல ஒரு வரி பொய் இல்லையே தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். அதைவிடத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இரண்டு மூட்டையோடு அவர் பாதையில் இறங்கிய காலையை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். ஒருத்தர் வந்து ஒரு மூட்டையைப் பிடித்தீர்களா? முதலாளிக்குப் பயம். அவர் மெழுகு தேய்த்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன.

கம்பளைக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஆற்றோரத்தில் ஓர் அறை. நான்கு இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. நூல் கட்டவில்லை, பானை வைக்கவில்லை. பாயை மட்டும் மூலைக்கு மூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இருமினார்.

"ரெண்டு ஓடுதான் அக்கா. ஒங்களுக்கு அரைமணி வேல" என்றேன்.

"ஒழுகட்டும். ஒழுகுறவரைக்கும் இது என் வீடு."

புறப்படும்போது சாந்துக் கரண்டியை என் கையில் வைத்தார். "இங்க இது சும்மா துருப்பிடிக்குது. நீ வச்சுக்க."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கரண்டிதான் என்று போன வாரம்வரை எண்ணியிருந்தேன். அக்கா போன செய்தி வந்தபின், போன வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். கோப்பிச் செடியெல்லாம் இலைநோயில் போகிறதாம், வீடுகளையாவது சரியாகப் பார்க்க வேண்டுமாம். என் வாசலில் நின்று, "ஒங்க வீடு எப்படி? நீங்க எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆளாச்சே" என்றார்.

என் கூரையில் ஒரு சொட்டுக்கூட இறங்குவதில்லை. அக்கா ஏறிய கூரை அது.

"ஒழுகுது முதலாளி" என்றேன். "என்னா செய்ய?"

அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு போனார். மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபத்தைச் சொன்னேன், செபத்தில் கவனம் சிதறியதைச் சொன்னேன். அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. சொன்னால் சுவாமி மன்னித்துவிடுவார். அதை நான் வைத்துக்கொள்ளப் போகிறேன்.