மூக்கு டீச்சரின் குளோரின் புட்டி

பள்ளிக்கூடத்தில் அவருக்கு மூக்கு டீச்சர் என்று பெயர். வேதியியல் ஆய்வகத்தில் எந்தப் புட்டியைத் திறந்தாலும், கையால் விசிறி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார். பிள்ளைகள் வைத்த பெயர் காதில் விழுந்தபோது வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த மூக்குதான் போன வருடக் காய்ச்சலில் காலை வாரிவிட்டது. அடுப்பில் பால் தீய்ந்ததுகூடத் தெரியவில்லை. வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் தலைமையாசிரியை ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டு கரும்பலகையோடு நிறுத்திவிடுவாரே! வெறும் கரும்பலகை யாருக்கு வேண்டும்? அவர் உயிரே அந்த அமிலக் கறை படிந்த மேசையில்தான் இருந்தது. ஆகவே பழையபடி விசிறினார், முகர்ந்தார், தலையாட்டினார். கெட்டிக்காரிதான், போங்கள்.

ஹாலஜன் தனிமங்களின் பாடம் வந்தது. டீச்சருக்கு அது சொந்தக்காரர் வீட்டு வம்பு மாதிரி. எல்லாருக்கும் வெளிவட்டத்தில் ஒரு எலக்ட்ரான் குறையாம். மூத்தவன் ஃப்ளோரின் ஆள் சின்னவன், கருவின் பிடி வலுவானது, கண்ணில் பட்டவரிடமெல்லாம் பறித்துக்கொள்வானாம். கீழே இறங்க இறங்க உடம்பு பெருக்கும், பிடி தளரும், துடிப்பும் அடங்கும். பச்சை வாயுவான குளோரின், செம்பழுப்புத் திரவமான புரோமின், சூடாக்கினால் ஊதாவாகப் புகையும் கறுத்த அயோடின் என்று வரிசையாகச் சொன்னார். மேலே உள்ளவன் வந்தால் கீழே உள்ளவன் உப்பைவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான் என்று சொல்லி, குளோரின் கரைத்த நீரை முகர்ந்து, பொட்டாசியம் அயோடைடில் ஊற்றினார்.

அயோடின் வெளியேறிக் கரைசல் பழுப்பாக வேண்டும். ஆகவில்லை. இன்னும் ஊற்றினார். நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது.

மூடி தளர்ந்து குளோரின் எப்போதோ பறந்திருந்தது. மூக்கு இருந்தால் திறந்ததுமே தெரிந்திருக்கும். சரக்கு சரியில்லை என்று மழுப்பியிருக்கலாம், வாய்வரை வந்துவிட்டது. ஆனால் நாளைக்கு ஆய்வகத்தில் அடுப்பு வாயு கசிந்தால்? பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதே சிரித்த முகத்தோடுதானே நிற்பார்! நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்.

"எனக்கு வாசனையே தெரியறதில்லைங்க. ஒரு வருஷமா மறைச்சிட்டேன். சாவியை வாங்கிக்குங்க."

தலைமையாசிரியை வாங்கிக்கொண்டார். மறுநாள், விடுப்பு முடிந்து வந்த ஆய்வக உதவியாளர் அக்காவைக் கூப்பிட்டு, இது தெரியுமா என்று டீச்சர் எதிரிலேயே கேட்டார். அக்கா தரையைப் பார்த்தார்.

"தெரியும்மா. ஒருநாள் லேப்ல கேஸ் நாத்தம் அடிச்சப்ப டீச்சர் பக்கத்துலயே உக்காந்து நோட்டு திருத்திட்டிருந்தாங்க. அன்னையிலேருந்து எல்லாத்தையும் நானே மோந்து பாத்துதான் மேசையில வைப்பேன். நேத்து ஒரு நாள் லீவு போட்டுட்டேன்."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா சாவியைக் குடுத்துடுவீங்கன்னு பயம்தான் டீச்சர்."

தலைமையாசிரியை சாவியைத் திருப்பி நீட்டினார், ஆனால் அக்காவிடம். அக்கா இல்லாத நாளில் ஆய்வகம் திறக்கக் கூடாது என்றார்.

அடுத்த வகுப்பில் அக்கா புதுப் புட்டியைத் திறந்து விசிறினார். இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருக்கு டீச்சர், நல்லாவே இருக்கு," என்றார். டீச்சர் ஊற்றினார்.