முந்திச் சிரிக்கும் எலும்புக்கூடு

லைல் பிராண்டிடம் யாரும் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்ததில்லை. முடிக்க அவன் விட்டதில்லை. முப்பத்தொரு வருஷமாக அமெரிக்காவில் டெமாய்ன் நகரத்துப் பெரிய கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். எந்தக் கதவு எத்தனை வினாடி திறந்து நிற்க வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. ஆனால் எதிராளி வாயைத் திறந்தால் மட்டும் அந்தக் கணக்கெல்லாம் எங்கேயோ போய்விடும்.

"நாளைக்கு எங்கக்கா..." என்று மனைவி டார்லா ஆரம்பிப்பாள்.

"வர்றாளா? வரட்டும், வரட்டும்."

"வரலேன்னு சொல்ல வந்தேன், லைல்."

இப்படிப்பட்ட அவசரக்குடுக்கை போயும் போயும் ஜோக் கேட்டுச் சிரிக்கிற ஒரு எலும்புக்கூட்டைச் செய்யப் புறப்பட்டான். வேறு யாராவது செய்திருந்தால் எங்கள் தெருவுக்கு ஒரு வம்பும் வந்திருக்காது.

எங்கள் ஊரில் ஹாலோவீன் மிட்டாய் சும்மா கிடைக்காது. ஹாலோவீனுக்கு முந்தின நாளே, அக்டோபர் முப்பது சாயங்காலம், ஆறிலிருந்து எட்டு வரை, வேஷம் கட்டிக்கொண்டு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்லியாக வேண்டும். ஜோக் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் வீட்டுக்காரர் சிரித்தாக வேண்டும். லைல் அதே ஜோக்குகளை முப்பது வருஷம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தனக்குப் பதிலாகச் சிரிக்கத்தான் வால்டரைச் செய்தான்.

வால்டர் என்பது எலும்புக்கூட்டின் பெயர். பழைய கோட்டு, தொப்பி, ஆடுகிற நாற்காலி. தாடையை அசைக்க, உடைத்துப் போட்ட ஒரு காரின் வைப்பர் மோட்டார். கோட்டுப் பையில் ஒரு மைக். பிள்ளை பேசினால் கண்ணுக்குள் சிவப்பு விளக்கு மெல்ல எரியும். பேச்சு நின்றால் ஜோக் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, தோள் குலுங்க, பல் கடகடக்க, ஒன்பது வினாடி சிரிக்கும். அந்தச் சிரிப்பு லைலுடையதுதான். காரேஜில் தனியாக உட்கார்ந்து பதிவு செய்தது. டார்லாவுக்கும் விளக்கு ஓடுகிற ஒரு சூனியக்காரித் தொப்பி செய்து கொடுத்திருந்தான். பாட்டரிகளின் கனத்தில் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

போன வருஷம் எதிர்வீட்டு ஹேட்டி வந்தாள். ஏழு வயசு. அவளுக்குப் பேச்சு திக்கும். சில வார்த்தைகள் தொண்டையிலேயே நின்றுவிடும். அவளும் நின்று, கண்ணை மூடி, அதைப் பிடித்து வெளியே கொண்டுவருவாள்.

"எலும்புக்கூடு ஏன்..." என்று ஆரம்பித்து நின்றாள்.

வால்டர் சிரித்தது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றாள். மறுபடி சிரித்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. வரிசையில் நின்ற பிள்ளைகளும் அதோடு சேர்ந்து சிரித்தார்கள். ஹேட்டி மிட்டாய்ப் பையை வாசற்படியில் வைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். டார்லா கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடினாள். உள்ளே ஜன்னல் பக்கம் நின்றிருந்த லைல், தன் சொந்தச் சிரிப்பு அந்தக் குழந்தையின் முதுகில் விழுவதைக் கேட்டான். அன்றைக்கு அவனால் சாப்பிட முடியவில்லை.

இந்த வருஷம் செப்டம்பரில் ஹேட்டியின் அம்மா ரெனீ தெருவில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"லைல், ஒரு விஷயம். ஹேட்டி இந்தத் தடவை..."

"வரமாட்டாளா? புரியுது. நான் அதை எடுத்துப் பரண்ல போட்டுடறேன்."

"எடுத்துடாதீங்க! உங்க வால்டர்கிட்டதான் சொல்வேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு பழகறா. வேற எந்த வீட்டுக்கும் போகமாட்டாளாம்." ரெனீயின் குரல் இறங்கியது. "போன வருஷம் மாதிரி ஆச்சுன்னா அவ இனிமே ஸ்கூல்லகூட வாயைத் திறக்கமாட்டா. அவ முடிக்கற வரைக்கும் அது சும்மா இருக்கும்னு சொல்லுங்க."

"இருக்கும்," என்றான் லைல். சொல்லிவிட்டான். அதற்கப்புறம் அவன் பட்ட பாடு இருக்கிறதே!

பேச்சு நின்றதும் வால்டர் காத்திருக்கும் நேரத்தை முக்கால் வினாடியிலிருந்து நாலு வினாடியாக்கினான். பக்கத்து வீட்டு இரட்டைப் பையன்களைக் கூப்பிட்டுச் சோதித்தான். அவர்கள் ஜோக்கைச் சொன்னார்கள், வால்டரைப் பார்த்தார்கள், தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். வாசற்படி இறங்கியபின் அது பின்னாலிருந்து சிரித்தது. அப்படியும் ஹேட்டிக்கு நாலு வினாடி போதாது. சில வார்த்தைக்கு அவளுக்கு எட்டு வினாடிகூட ஆகும்.

வாசல் மிதியடிக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்தான். பிள்ளை காலை எடுத்தால் சிரிக்கும் என்று ஏற்பாடு. ஆனால் பிள்ளைகள் எங்கே காலை ஒரு இடத்தில் வைக்கிறார்கள்? குதித்துக் குதித்துத்தான் ஜோக்கே சொல்கிறார்கள். வால்டருக்குச் சிரித்து மாளவில்லை.

அப்புறம் உடம்புச் சூட்டை வைத்து ஆள் நிற்பதைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவி வாங்கி மாட்டினான். ஆள் நகர்ந்து சூடு போனதும் சிரிக்க வேண்டும். அக்டோபர் குளிருக்கு அம்மாக்கள் வேஷத்துக்கு மேல் கனத்த கோட்டை மாட்டி அனுப்புகிறார்கள். உள்ளே பிள்ளை இருப்பதே அந்தக் கருவிக்குத் தெரியவில்லை. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. டார்லா டிரையரில் துண்டு உலர்த்தினால் சுவர் ஓட்டை வழியாக வாசலுக்கு விட்டு விட்டு வருகிற வெந்நீராவி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்க, யாருமில்லாத வாசலில் வால்டர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. தபால்காரர் கடிதங்களைப் புல்தரையிலேயே போட்டுவிட்டுப் போனார்.

"அந்த டிரையரை நிறுத்தித் தொலையேன்!" என்று கத்தினான் லைல்.

"துண்டு யாரோடது? உன்னோடதுதான்," என்றாள் டார்லா. "லைல், அந்த மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. அதோட பிரச்சினை என்னன்னா..."

"மைக். தெரியும். மட்டமான மைக்."

டார்லா கையிலிருந்த துண்டை அப்படியே மேஜையில் போட்டாள்.

"பாத்தியா? நீ எவ்வளவு நேரம் பொறுப்பியோ, அவ்வளவு நேரம்தான் அதுக்கும் வெச்சிருக்கே. முக்கால் செகண்டு! உனக்கு அதுவே ஒரு யுகம். இருபத்தொம்பது வருஷமா என் பேச்சைப் பாதியில வெட்டற, இப்ப அதையே ஒரு எலும்புக்கூட்டுக்கும் பழக்கி விட்டிருக்கே."

லைலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. காரேஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மைக், மிதியடி சுவிட்ச், சூட்டுக் கருவி எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு டப்பாவில் எறிந்தான். பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த பித்தளைப் பொத்தானை எடுத்தான். அதற்கு நீளமாக ஒரு ஒயரைக் கட்டி, வாசலிலிருந்து முன்னறை ஜன்னல் வரை இழுத்தான். தானே இருட்டில் உட்கார்ந்து, தானே கேட்டு, ஜோக் முடிந்ததும் தானே அமுக்குவது. ஒரு மாச வேலைக்குப் பிறகு கடைசியில் ஒரு காலிங் பெல்! அவனுக்கு அவமானமாக இருந்தது.

முப்பதாம் தேதி ஆறு மணிக்கு ஜன்னலை விரலளவு திறந்து வைத்துக்கொண்டு, கட்டை விரலைப் பொத்தானில் ஊன்றி உட்கார்ந்தான். மூன்றாவதாக வந்த கடற்கொள்ளைக்காரப் பையன் வாயைத் திறந்ததுமே லைலுக்கு ஜோக் தெரிந்துவிட்டது. அமுக்கினான்.

"நான் இன்னும் முடிக்கவே இல்லை!" என்று பையன் கத்தினான்.

வாசலில் மிட்டாய்க் கிண்ணத்தோடு நின்ற டார்லா திரும்பாமலே ஜன்னல் கண்ணாடியில் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு இளவரசிக்கும் அதே கதி. கருவியை மாற்றியாகிவிட்டது, கட்டை விரலை எங்கே போய் மாற்றுவது?

எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஹேட்டி வந்தாள். அட்டைப்பெட்டி ரோபோ வேஷம். ரெனீயே செய்தது. அலுமினியத் தாள் ஒட்டி, நெஞ்சில் கிறிஸ்துமஸ் விளக்குகள் சுற்றியிருந்தன. அதில் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தது. பாதி விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. ஓடிப்போய் அந்த ஒயரை முறுக்கிவிட லைலின் கை பரபரத்தது. அவள் பின்னால் இந்தத் தடவையும் நாலைந்து பிள்ளைகள். நடைபாதையில் ரெனீ, கைகளைக் கட்டிக்கொண்டு.

"வாடா கண்ணு," என்றாள் டார்லா. ஹேட்டி அவளைப் பார்க்கவில்லை. நேராக வால்டர் முன்னால் போய் நின்றாள்.

"எலும்புக்கூடு ஏன்..."

நின்றுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

லைலுக்கு மிச்சமும் தெரியும். எலும்புக்கூடு ஏன் ஓட்டலில் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதெல்லாம் கீழே விழுந்துவிடும். நூறு தடவை கேட்டது. வார்த்தை அவன் நாக்கு நுனியில் நின்று குதித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். ஆறு. ஏழு. பின்னால் ஒரு பையன் செருமினான். லைல் கட்டை விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துப் பல்லால் கடித்துக்கொண்டான்.

"...ஓ... ஓட்டல்ல சாப்பிடறதில்ல?"

வால்டர் சும்மா இருந்தது.

"ஏன்னா, சா... சாப்பிட்டதெல்லாம்..." மறுபடி நின்றாள். "...கீழே விழுந்துடும்!"

அப்பாடா! முடிந்தது! சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டான்! லைல் சந்தோஷத்தில் பொத்தானை ஓங்கி அமுக்கினான். வால்டர் தோள் குலுங்கச் சிரித்தது.

ஹேட்டி சிரிக்கவில்லை.

"இன்னும் மு... முடியல," என்றாள்.

ஒன்பது வினாடிச் சிரிப்பு. நடுவில் நிறுத்த லைல் வழி வைக்கவில்லை. பொத்தானைத் திரும்பத் திரும்பக் குத்தினான், பொறுமையில்லாதவர்கள் லிஃப்ட் வாசலில் குத்துகிற மாதிரியே. வால்டர் பாட்டுக்குப் பல்லைக் கடகடவென்று ஆட்டியது. நடைபாதையில் ரெனீ ஒரு அடி முன்னால் வைத்தாள்.

ஹேட்டி போகவில்லை. பெட்டிக்குள்ளிருந்து நீட்டிய இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றாள். அது சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். நெஞ்சில் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. தாடை ஆடி ஓயும்வரை, நாற்காலி நிற்கும்வரை, முழுசாக ஒன்பது வினாடியும் காத்திருந்தாள். அவளுக்கு அதில் ஒரு சிரமமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"அதனால அது நா... நாயைக் கூட்டிட்டுப் போச்சு. கீழே விழறதைச் சாப்பிடட்டும்னு. நாய் பர்கரை விட்டுட்டு, அதோட... அதோட... காலைக் கவ்விட்டு ஓடிருச்சு."

இந்த முடிவு லைல் கேட்டதில்லை. அவளே கட்டியது. டார்லா சிரித்துவிட்டாள். பின்னால் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். ஹேட்டி முகத்திலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. வால்டர் மட்டும் ஊமையாக உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஐம்பத்தெட்டு வயசு மனுஷன் பொத்தானுக்கு மேல் கட்டை விரலைத் தூக்கிப் பிடித்தபடி, முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் காத்துக்கொண்டிருந்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

ஹேட்டி வால்டரைப் பார்த்தாள். அதன் நாற்காலிக்கு அடியில் ஓடுகிற ஒயரைப் பார்த்தாள். ஒயர் போன வழியே கண்ணை ஓட்டி, ஜன்னலில் விரலளவு திறந்திருந்த இடத்தில் நிறுத்தினாள்.

"மு... முடிஞ்சிருச்சு, மிஸ்டர் பிராண்ட்," என்றாள். "இப்ப சிரிக்கலாம்."