வயிற்றில் புளியைக் கரைத்த லினக்ஸ்

எங்கள் தொழிலில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது "எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?" என்று திரை கேட்கும், பக்கத்தில் வீட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, நாம் சம்மதம் என்று அழுத்த வேண்டும். இதே வேலை பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு முதல் ஐந்தாறு வருடம், நெய்வேலி டவுன்ஷிப்பில் குமரவேல் அண்ணன் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகப் போய், விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸைப் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. காலேஜ் பாடத்தில் லினக்ஸ் வந்துவிட்டது, வீட்டிலோ விண்டோஸ் இருக்கும், அதைத் தொடவும் கூடாது. இதற்கு வழி வெர்ச்சுவல் மெஷின். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் ஒரு மென்பொருள் நடிக்கும். லினக்ஸை அந்த நடிப்புக் கம்ப்யூட்டரில் போட்டால் நிஜக் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது. இதை எல்லா வீட்டிலும் சொல்வேன். யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

பிளக்கைப் பிடுங்கியவர்

கணபதி சார் மைன்ஸில் பெரிய மண்வெட்டி இயந்திரத்தின் ஆபரேட்டர். மதுரைப் பக்கத்துக்காரர். மகள் ரேவதி இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். நான் போனபோது அவர் ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு, பனியனோடு காபி டம்ளரைப் பிடித்தபடி என் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஹார்ட் டிஸ்கில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் போடலாமா என்று திரை சிவப்பு எச்சரிக்கையோடு கேட்டது. அது நடிப்புக் கம்ப்யூட்டரின் நடிப்பு டிஸ்க். நான் சரி என்று அழுத்தினேன். அடுத்த நொடி திரை அணைந்தது. திரும்பிப் பார்த்தால் கணபதி சாரின் இடது கையில் காபி, வலது கையில் சுவரிலிருந்து பிடுங்கிய பிளக்.

நடிப்பு டிஸ்குக்கு ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த நிஜக் கம்ப்யூட்டரை அப்படி நிறுத்தினால்தான் ஆபத்து. மறுபடி போட்டபோது விண்டோஸ் வரவில்லை. டிஸ்கில் கோளாறு, சோதிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. கீழே சதவீதம் நகர ஆரம்பித்தது. பதினொன்றில் பத்து நிமிடம் நின்றது. ரேவதியின் இரண்டு வருடப் பாடக்குறிப்புகள் அதற்குள் இருந்தன. காபி ஆறி ஆடை படிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து விண்டோஸ் வழக்கமான சத்தத்தோடு எழுந்தபோது ரேவதி அழுதே விட்டாள். அவள் அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சிவப்பு லைட் எரிஞ்சா யாரையும் கேக்காம மெஷின நிப்பாட்டுன்னுதான் முப்பது வருசமா எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க பாப்பா."

ஊசிப் பின்னும் நாடித் துடிப்பும்

பழைய கம்ப்யூட்டர்களில் வெர்ச்சுவல் மெஷின் ஓட வேண்டுமென்றால், விண்டோஸுக்கும் அடியில் இருக்கும் செட்டிங் ஒன்றை மாற்ற வேண்டும். நீலத் திரையில் பொடி எழுத்தில் வரும். தனலட்சுமி அம்மா வீட்டில் அதை மாற்றினேன். அவர் ஆஸ்பத்திரியில் சீனியர் நர்ஸ், அன்று அவருக்கு வார விடுமுறை. சேமித்துவிட்டு வெளியே வந்தேன். கம்ப்யூட்டர் அணைந்தது. அப்புறம் வரவேயில்லை. பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றும், திரை கருப்பு. மூன்றாவது தடவை அழுத்தியபோது அவர் திரையை விட்டு என் முகத்தைப் பார்த்தார்.

வராந்தாவுக்குப் போய் குமரவேல் அண்ணனுக்கு போன் போட்டேன். "பயப்படாத. உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். கழட்டி அஞ்சு நிமிஷம் வெளிய வச்சிட்டுத் திரும்பப் போடு, செட்டிங் பழையபடி ஆயிடும்" என்றார். பேட்டரியை நெம்பி எடுக்க என் பையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் எல்லாம் பெரியவை. தனலட்சுமி அம்மா புடவையில் குத்தியிருந்த ஊசிப் பின்னைக் கழற்றிக் கொடுத்தார். அதை வைத்து எடுத்தேன். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் போர்டையே எரித்துவிட்டேனோ, கடையில் இனி முகம் காட்ட முடியுமா என்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், என் மணிக்கட்டைப் பிடித்தார், சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார். பேட்டரியைத் திரும்பப் போட்டதும் கம்ப்யூட்டர் பீப் என்று ஒலித்து உயிர் பெற்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்கு ஒண்ணும் இல்லம்மா, உனக்குத்தான் நூத்தி முப்பது ஓடுது, போய் ஒரு சொம்பு தண்ணி குடி."

கிசுகிசுத்த குரல்

முத்துலிங்கம் சார் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ரிட்டயர் ஆனவர். தானே லினக்ஸ் கற்றுக்கொள்கிறேன் என்று ஆசைப்பட்டு என்னிடம் போட்டுக்கொண்டவர். ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து போன். குரலே எழும்பவில்லை. "பாப்பா, என் கம்ப்யூட்டர் பூரா லினக்ஸாயிட்டு. விண்டோஸக் காணல. மக கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. எங்க வீட்டம்மாவுக்குத் தெரியாது. சத்தமில்லாம வா" என்றார். பாத்ரூமிலிருந்து பேசுகிறார் என்பது தண்ணீர் சத்தத்தில் தெரிந்தது.

முந்தின வாரம் போட்டுக் கொடுத்தபோது ஏதாவது தப்பு செய்தேனா என்று ஸ்கூட்டியில் போகும் வழியெல்லாம் யோசித்தேன். போய்ப் பார்த்தால், ஏதோ ஒரு விசையை அவர் தெரியாமல் அழுத்தியிருக்கிறார். நடிப்புக் கம்ப்யூட்டர் திரை முழுக்க விரிந்து விண்டோஸை மறைத்துவிட்டது, அவ்வளவுதான். மவுஸைத் திரையின் அடிவிளிம்புக்குக் கொண்டுபோனேன். சின்னப் பட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. அதை அழுத்தியதும் லினக்ஸ் சுருங்கியது, பின்னால் பேத்தியின் படத்தோடு விண்டோஸ். முத்துலிங்கம் சார் சட்டை முழுக்க வியர்த்து நாற்காலியில் சாய்ந்தார். அப்போது அவர் மனைவி வந்தார். எதையோ மறைக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்திருந்தது, எதை என்றுதான் புரியவில்லை.

"காலையிலேர்ந்து அது முன்னால கண்ண மூடிக்கிட்டு கைகூப்பி உக்காந்திருந்தாக, லினக்ஸ்னா ஏதோ புதுச் சாமியாக்கும்னு நானும் ஒரு சூடத்த ஏத்தி வச்சேன்."

முப்பத்திரண்டு பேர்

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான்.

மல்லிகா அக்கா காடாம்புலியூர்க்காரர். டவுன்ஷிப்பில் காண்ட்ராக்ட் தொழிலாளி, தோட்டப் பராமரிப்பு வேலை. மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. மகள் இப்போது காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அவளுக்கு லினக்ஸ் வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். மகள் காலேஜுக்குப் போயிருந்தாள்.

போனதுமே மல்லிகா அக்கா ஒன்றைச் சொன்னார். அந்த லேப்டாப்பில் அவரோடு வேலை செய்யும் முப்பத்திரண்டு பேர் வேலைக்கு உள்ளே நுழையக் காட்டும் கேட் பாஸ்களின் படங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் புது பாஸ் கொடுக்கும்போது காண்ட்ராக்டர் பழையதைத் திருப்பி வாங்கிக்கொள்வார். அதற்கு முன்னால் மல்லிகா அக்கா எல்லோருடையதையும் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார், ஏழு வருடமாக. மகள் அவற்றை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, இடம் போதாமல் போனில் அழித்துவிட்டாள். பெர்மனென்ட் ஆக்கச் சொல்லி வழக்கு போட்டிருக்கிறார்கள். இத்தனை வருடம் உள்ளே வேலை பார்த்ததற்கு வேறு அத்தாட்சி கிடையாது. செவ்வாய்க்கிழமை வக்கீலிடம் கொடுக்க வேண்டும். "அதுக்கு ஒண்ணும் ஆவாதில்ல மேடம்?" என்று கேட்டார். "இது நடிப்புக் கம்ப்யூட்டர் அக்கா, பயப்படாதீங்க" என்றேன். காப்பி எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

என் பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் காப்பி செய்துவிட்டு, டிரைவை லேப்டாப்பிலேயே விட்டுவிட்டேன். அது வெறும் டிரைவ் இல்லை, நேராகவே லினக்ஸை நிறுவக்கூடியது. லேப்டாப்புக்கோ வேகம் போதவில்லை. நடிப்புக் கம்ப்யூட்டர் திணறி அப்படியே நின்றது. நான் முகம் கழுவப் பின்பக்கம் போனேன். நான் திரும்புவதற்குள், லேப்டாப் நின்றுபோனால் வழக்கமாகச் செய்வதை மல்லிகா அக்கா செய்திருக்கிறார்: பட்டனை அழுத்தி அணைத்து, மறுபடி போட்டிருக்கிறார். லேப்டாப் பென் டிரைவிலிருந்து எழுந்துவிட்டது. நான் வந்தபோது திரை முழுக்க லினக்ஸ் நிறுவும் பக்கம். அப்பாடா, நடிப்புக் கம்ப்யூட்டர் வேகம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அழிக்கலாமா என்றது. அழுத்தினேன்.

கோடு நகர ஆரம்பித்த பிறகுதான் என் மூளைக்கு அந்த எண் எட்டியது. நடிப்பு டிஸ்கை நான் பத்து ஜி.பி. என்று கொடுத்திருந்தேன். திரை அழிக்கிறேன் என்று சொன்னது முந்நூற்றிருபது ஜி.பி. லேப்டாப்பைக் கவிழ்த்து பேட்டரியைப் பிடுங்கினேன். பேட்டரி கையில் சூடாக இருந்தது. லேப்டாப் பழசு, தானாகப் போய்விட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. மல்லிகா அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன். நிஜத்த அழிச்சிட்டேன்" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "முப்பத்திரண்டு வூட்டுக்கும் நான் இன்னான்னு போய்ச் சொல்லுவேன்?" என்று அடுப்பைப் பார்த்தே கேட்டார்.

குமரவேல் அண்ணன் போனில், "திரும்ப ஆன் பண்ணவே கூடாது. அப்படியே கொண்டா" என்றார். மல்லிகா அக்காவும் கூட வந்தார். பஸ்ஸில் லேப்டாப்பை என்னிடம் தரவில்லை. தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கடையில் அண்ணன் டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். அழிந்த படங்களைத் துழாவி எடுக்கும் மென்பொருளை ஓட விட்டார். ஞாயிறு காலையில் ஆயிரக்கணக்கான படங்கள் கிடைத்திருந்தன. ஆனால் ஒரு கோப்புக்கும் பெயர் இல்லை, வருட வரிசை இல்லை, பாஸில் உள்ள பெயரும் பல படங்களில் மங்கல். கல்யாணப் படம், பலாப்பழப் படம், சினிமாப் படம், நடுநடுவே கேட் பாஸ். சில படங்கள் பாதி சாம்பல் நிறமாகக் கெட்டிருந்தன.

மல்லிகா அக்கா எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார். மதியத்துக்குள் கடை வாசலில் இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அடிக்க வருவார்கள் என்றே நினைத்தேன். கடைக்குள் பின்கதவு எங்கே என்று கண் தேடியது. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். "தோ நானு", "இது செல்வராசு, அப்ப மீச வச்சிருந்தான்", "அது எங்கூட்டுக்காரரு" என்று சொல்லச் சொல்லப் பெயர் போட்டு அடுக்கினேன். இருட்டுவதற்குள் ஒருவர் தவிர எல்லோருக்கும் ஏழு வருடமும் கிடைத்துவிட்டது.

அந்த ஒருவர் அஞ்சலை அக்கா. அவருடைய முதல் இரண்டு வருட பாஸ்களில் மேல் பாதி வெறும் சாம்பல். முகம் இல்லை, பெயர் இல்லை. கீழே பாஸ் எண்ணும் தேதியும் மட்டும் நின்றன. நான் அவர் பக்கம் திரும்பவே பயந்தேன். குமரவேல் அண்ணன் வக்கீலுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மூன்றாம் வருட பாஸிலும் அதே எண் இருந்தால் எண்ணும் தேதியும் போதும், முகம் இல்லாவிட்டால் பரவாயில்லை என்றார் வக்கீல். திறந்து பார்த்தேன், அதே எண்தான். அஞ்சலை அக்கா எழுந்து, திரைக்குக் கிட்டப் போய், அந்தச் சாம்பல் கட்டத்தை விரலால் தொட்டார்.

"மூஞ்சி தெரியாமதான் இத்தினி வருசமும் உள்ள வேல செஞ்சிகினு கெடந்தோம், கோர்ட்டுக்கு மட்டும் எதுக்கு மூஞ்சி?"

நாற்பது பேர் முன்னால்

அதற்கு அடுத்த மாதம் ஒரு காலேஜ் லேபில் லினக்ஸ் நிறுவிக் காட்டக் கூப்பிட்டார்கள். நாற்பது பிள்ளைகள் பார்க்க, பெரிய திரையில் அந்தக் கேள்வி வந்தது. பென் டிரைவ் சொருகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். டிஸ்கின் அளவைப் படித்தேன். மறுபடி படித்தேன். மவுஸ் மேல் வைத்த விரல் இறங்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் லேப் அசிஸ்டன்ட் மேரி என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டார்.

"மேடம், ஹேங் ஆயிருக்கறது கம்ப்யூட்டரா, நீங்களா?"

லினக்ஸுக்கு வைரஸே வராது என்று டவுன்ஷிப்பில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போன நான், அதைப் போட்டுக் கொடுத்தவளுக்கு மட்டும் மாதம் ஒரு தடவை பயத்தில் குளிர்காய்ச்சல் வந்ததை ஒரு வீட்டிலும் சொன்னதில்லை.