ஆண்டு தெரியாத வெள்ளிக்காசுகள்

நாவற்குடாவில் அக்காவின் வீட்டுக்கு அத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால், சாப்பிட உட்காருவதற்கு முன் அவருக்கு ஒரு வேலை இருந்தது. நெல் ஆலையில் எஞ்சின் பார்ப்பவர். கையில் ஏறிய எண்ணெய் போகும்வரை சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைப்பார். பிறகு முன்னறை அலுமாரியைத் திறந்து ஒரு வெள்ளிக்காசை எடுப்பார். இரண்டு விரலால் விளிம்பில் மட்டும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். ராஜாவின் தலை இருக்கும் பக்கத்தில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. பனைமரமும் ஆண்டும் இருக்கும் மறுபக்கம்தான் வேண்டும். சோறு ஆறிக்கொண்டிருக்கும். "உங்கட ராசாவுக்கும் ஒரு கோப்பையில சோறு போடவா?" என்று அக்கா குசினியிலிருந்து கேட்பா.

முதல் காசு அவருக்கு ஆலையில்தான் கிடைத்தது. விதைநெல்லுக்குள் ஒரு வெள்ளிக்காசைப் போட்டு வைக்கும் வழக்கம் எங்கள் வயல் வட்டைகளில் இருந்தது. யாரோ அதை எடுக்க மறந்து, நெல்லைக் குத்த அனுப்பிவிட்டார்கள். கல் பிரிக்கும் சல்லடையில் அது கிடந்து குதித்தது. ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட ஐம்பது சதம். அத்தான் வட்டை வட்டையாகச் சொல்லியனுப்பியும் உரியவர் வரவில்லை. வைத்திருந்தவருக்கு மெல்லப் பைத்தியம் பிடித்தது. ஒவ்வொரு ஆண்டும் தனித்தனியாக அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், வெள்ளியில் வந்த ஐம்பது சதம் எல்லாவற்றையும் ஆண்டு விடாமல் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தார். ஊரை விட்டு எங்கும் போகாத மனிதர் எப்படிச் சேர்ப்பார்? அதற்கு நான் இருந்தேன்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. இடம்பெயர்ந்து போன ஊரில் பள்ளிக்கூடம்தான் எங்களுக்கு அகதி முகாம். படுத்த இடத்தில் பாடம் நடக்கவில்லை. பிறகு லொறியில் கிளீனர், கருவாட்டு வியாபாரம், நெல் வெட்டும் மெசினோடு கூலி, இடையில் கட்டாருக்குப் போய்த் திரும்பியது என்று ஒரு தொழிலிலும் தரித்ததில்லை. போகும் ஊரிலெல்லாம் பத்தர் கடைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கேட்டு வைப்பேன். பத்தர்கள் உருக்கிக் கொலுசாக்கும் முன் போய்ச் சேர வேண்டும். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் காசை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அந்தக் கீறலுக்கு அத்தானிடம் பேச்சு வாங்கியது நான். கதிரவெளியில் ஒரு பிள்ளையின் அரைஞாணிலிருந்து தாயிடம் மன்றாடி ஒன்று வாங்கினேன். வெயிலில் நடந்து, பஸ் இல்லாமல் மீன் லொறியில் தொற்றிக்கொண்டு வந்து கொடுத்தால், ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ஓட்டை போட்டது வேணாம் மச்சான். காசுக்குக் காது குத்தினா அது காசில்ல."

"ஆண்டு சரிதானே அத்தான்?"

"ஆண்டு சரி. ஆனா ஓட்டை."

அவரோடு காலம் தள்ளுவது அப்படித்தான்.

சேர்ப்பதைவிட வைப்பதுதான் பெரும் பாடு. வாவிக் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் இருக்கும். கொழும்பிலிருந்து நான் வாங்கி வந்த பிளாஸ்டிக் அல்பம், இரண்டு கோடைக்குள் வியர்த்து, காசுகளின் மேல் பச்சைப் பசை பிடித்தது. மரப்பெட்டி செய்வித்தார்; புது மரத்தின் வாசனையே வெள்ளியைக் கறுப்பித்தது. அரிசிக்குள் புதைத்துப் பார்த்தார், வண்டு வந்தது. வங்கிப் பெட்டகத்தில் வைக்கச் சொன்னேன். "நினைச்ச நேரம் பாக்க ஏலாத காசு என்னத்துக்கு?" என்றார். ஒரு தைப்பொங்கலுக்கு முதல்நாள், அவர் ஆலையில் நின்ற நேரம், அக்கா குத்துவிளக்கோடு சேர்த்துக் கையில் அகப்பட்ட காசுகளைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கிவிட்டா. அத்தான் வந்தபோது அவை அலுமினியப் பாத்திரம்போல் மின்னின. நூறு வருசத்துக் கறுப்பு, ராஜாவின் தலைமயிர், பனையோலையின் நுனி எல்லாம் சாம்பலோடு போய்விட்டன.

"சாமிட விளக்கையே புளி போட்டுத்தான் விளக்குறம். உங்கட வெள்ளக்காரன் அதவிடப் பெரியவனோ?" என்றா அக்கா. அந்தப் பொங்கலுக்கு அத்தான் பொங்கலும் சாப்பிடவில்லை. போனவற்றுக்கு மாற்றுத் தேடி நான் மறுபடியும் அலைந்தேன்.

கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. அச்சு மை இல்லாத வெறுங்கடதாசியில் சின்னச் சின்ன உறைகள், உறையின் மேல் பென்சிலால் ஆண்டு, எல்லாம் மூடி இறுகும் ஒரு தகர டின்னுக்குள். மருந்துப் போத்தல்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை நான் சேர்த்துக் கொடுப்பேன். சில வருசம் காசுகள் சுகமாக இருந்தன. ஒரேயொரு ஆண்டுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அக்காவின் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. அக்காவுக்குச் சீதனமாக வந்த வீடு மகளுக்குப் போனது. அக்காவும் அத்தானும் பின்வளவில் ஓடு போட்ட ஓர் அறை கட்டிக்கொண்டு இறங்கினார்கள். இதில் யாருக்கும் குறை இல்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் அந்த அறை மாரி மழையில் ஒழுகும். அதனால் அலுமாரியும் டின்னும் முன்வீட்டிலேயே இருக்கட்டும் என்று அத்தான் விட்டுவைத்தார். மருமகன் நல்ல பிள்ளை. டவுணில் அலுமினியமும் கண்ணாடியும் பொருத்தும் வேலை. மாமனாருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு ஆசை.

பாக்கியிருந்த அந்த ஆண்டுக் காசு ஓட்டமாவடியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் எனக்குக் கிடைத்தது. ஓட்டை இல்லை, விளக்கிய தடம் இல்லை, மெல்லிய சாம்பல் நிறம். பஸ்ஸில் ஏறியதிலிருந்து சட்டைப் பையை விட்டுக் கையை எடுக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்தேன். முன்னறைச் சுவரில் பெரிய கண்ணாடிச் சட்டம் ஒன்று தொங்கியது. சிவப்பு வெல்வெட் துணியில் அத்தனை காசுகளும் வரிசையாக. விக்டோரியா ராணி மேலே, அவவின் மகன் அடுத்து, ஜோர்ஜ் கீழே. எல்லாரும் என்னைப் பாராமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சிலிக்கோன் போட்டு ஒட்டினது, சித்தப்பா," என்றார் மருமகன். "இனிக் களவு போகாது, மழை படாது. வாறவங்களும் பாப்பாங்க."

பனைமரங்கள் பசைக்குள் போய்விட்டன. ஆண்டுகள் எல்லாம் பசைக்குள். பென்சிலால் எழுதிய உறைகள் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சத்தமாகத்தான் கேட்டிருப்பேன். பக்கத்தில் அத்தான் நின்றார். "வடிவாத்தான் இரிக்கி மகன்," என்றார். அவர் குரலில் ஒன்றும் தெரியவில்லை. கழற்றச் சொல்ல அவருக்கு வாய் வராது. அது மகளுடைய சுவர்.

நான் காசை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, ஜன்னலடிக்குப் போய், மறுபக்கம் திருப்பினார். ஆண்டைப் பார்த்தார். மருமகன் ஆசையோடு கையை நீட்டினார். "தாங்க மாமா, அதையும் ஒட்டித் தாறன். ஓரத்தில இடமிரிக்கி."

அத்தானின் விரல்கள் மடங்கின. விளிம்பில் மட்டும் பிடிக்கும் மனிதர் அன்றைக்குக் காசை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தார்.

"இது என்ட இல்ல மகன். மச்சான்ட. எனக்குக் காட்டத்தான் கொண்டந்தவன்."

பின்வளவுக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "என்னத்துக்கு அத்தான் பொய்? இதுக்காக எத்தின ஊரு அலைஞ்சன்."

"உன்னட்டயே இரிக்கட்டும்."

"என்னட்டயா? நான் படுக்கிறது பஸ் ஸ்டாண்டில. மழையில நனையிறன், வேர்வையில ஊறுறன். இதவிட மோசமான இடம் உங்களுக்குக் கிடைக்காது."

"ஓம். ஆனா உனக்கு வீடில்லயே," என்றார். கேலியாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது. "வீடிருந்தாத்தான் ஆக்கள் வந்து அதுக்கு நல்லது செய்வாங்க."

அதிலிருந்து அந்தக் காசு என்னோடு திரிகிறது. வெறுங்கடதாசி உறை, அதற்கு மேல் ஒன்று, ஒரு மருந்துப் போத்தல், ஈரம் உறிஞ்சும் பொட்டலம். குளிக்கும்போது யாரிடம் கொடுப்பது, வயல் வேலையில் எங்கே வைப்பது என்று இந்த வயதில் எனக்கு ஒரு பிள்ளை பிறந்த கணக்கு. இது வரிசையில் சேராத காசு, அங்கே ஆண்டு தெரியாத வரிசை. இரண்டையும் நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. யாரைக் கோபிப்பது என்றும் தெரியவில்லை. கெடுதல் நினைத்தவர் ஒருவரும் இல்லை.

போன மாரி முடிந்து திறந்து பார்த்தபோது விளிம்பில் கறுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. அத்தானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண் மங்கிவிட்டது அவருக்கு. விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"கறுக்கட்டும். அது அதின்ட சட்டை. புளி மட்டும் காட்டிராத."

"இனியாவது நீங்களே வெச்சிருங்க அத்தான். என்னால ஏலா."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் முன்வீட்டிலிருந்து மருமகன், "மாமா, சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்க, சோறு போட்டாச்சு," என்று கூப்பிட்டார். அத்தான் அவசரமாகக் காசை உறைக்குள் போட்டு, போத்தலை மூடி, என் சட்டைப் பைக்குள் திணித்தார். "மறைச்சு வெச்சுக்கொள்," என்றார். நாங்கள் சாப்பிடப் போனோம்.