சுகந்தி இல்லாத கதை

வைட்போர்ட் மாக்கரின் மூடியைத் திறந்ததும் வருகிற ஸ்பிரிட் வாசம் எனக்கு இன்றைக்கும் ஒத்துக்கொள்வதில்லை. அது மூக்கில் ஏறியதும் மேல்மாடிக் கடைசி அறை வந்துவிடுகிறது. வாவிப் பக்கத்து ஜன்னல், உப்பும் சேறும் கலந்த காற்று, இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு பலகைத் தடுப்பு, தடுப்புக்கு அப்பால் ஒரு பெண்ணின் குரல். அந்தக் குரல் சொன்ன கதை அவளுடையதல்ல.

1. கிளப்

நான் வணிகக் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். கன்சல்டிங் கிளப்பைப் பொறுப்பெடுக்க வேறு யாரும் முன்வராததால் அது என்னிடம் வந்து சேர்ந்தது.

கம்பனிகளுக்கு யோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்ட கம்பனிகள் கொழும்பில் இருக்கின்றன. அங்கே வேலைக்கு எடுக்கும்போது பட்டத்தைப் பார்ப்பது பாதிதான். மீதிக்கு, ஒரு வியாபாரப் பிரச்சினையைக் கொடுத்து நீ எப்படி யோசிக்கிறாய் என்று பார்ப்பார்கள். அதற்குப் பெயர் ‘கேஸ்’. பிறகு, வாழ்க்கையில் நீ முன்னின்று நடத்திய காரியம் ஒன்றையும், அதனால் கிடைத்த பெறுபேற்றையும் சொல் என்பார்கள். கொழும்புப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே இப்படிப் பேசிப் பழகியவர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இருந்தது புதன்கிழமைப் பின்னேரமும், காய்ந்துபோன சில மாக்கர்களும்தான்.

கிளப்பின் தலைவன் ஓட்டமாவடி றிபாஸ். கேஸ் கேட்பதில் அவனுக்குத் தனிச் சந்தோஷம்.

“செங்கலடிச் சந்தியில ஒரு நாளைக்கு எத்தின பிளேன்டீ விக்கும்? கணக்குப் போட்டுச் சொல்லுங்க.”

“நீ குடிக்கிறதையும் சேர்த்தா, சேர்க்காமலா?” என்று பின் வரிசை வாங்கிலிருந்து கிருஷிகா கேட்பாள்.

“என்னைச் சேர்த்தா அது வேற மார்க்கட், தங்கச்சி.”

எல்லோரும் சிரிப்பார்கள். தனுஷா மட்டும் அதற்குள் பதிலைப் போர்டில் எழுதத் தொடங்கியிருப்பாள்.

களுவாஞ்சிக்குடி கிருஷிகாவும் வெல்லாவெளி தனுஷாவும் பயிற்சியில் ஒரு சோடி. கிருஷிகாவுக்குக் குரல். தனுஷாவுக்கு மூளை. தனுஷாவுக்கு அவசரமும் இருந்தது. அவளுடைய அண்ணன் பட்டம் முடித்துவிட்டு, அரசாங்க நியமனம் வரும் வரும் என்று சந்தையில் ஒரு செருப்புக் கடையில் நின்றான். நிற்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். “நான் அண்ணனைப்போலக் காத்துக்கொண்டு நிக்கமாட்டன் மிஸ்” என்று அவள் ஒருமுறை சொன்னாள். சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே வாவி அசையாமல் கிடந்தது. காற்று விழுந்த பின்னேரங்களில் அந்தத் தண்ணீரைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு பயம்.

2. கதை மாற்றல்

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. தன் கதையைத் தானே சொன்னால் கூச்சம் வரும், குழறும், பெருமை அடிப்பதுபோல இருக்கும். ஆகவே சோடியில் ஒருத்தி கதையை மற்றவளிடம் கொடுப்பாள். மற்றவள் அதை ‘நான்’ என்று தொடங்கிச் சொல்லிக் காட்டுவாள். கதைக்காரி எதிரே இருந்து கேட்டு, எங்கே இழுக்கிறது, எங்கே வெட்டலாம் என்று பார்ப்பாள். பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்த வழி அது. நன்றாக வேலை செய்தது.

தனுஷாவின் கதை இது. உயர்தரப் பரீட்சை நேரம் வெள்ளம். பாதையெல்லாம் தண்ணீர். அவள் விடிய எழும்பி, வயல் வட்டைக்குப் போகிற ட்றக்டர் ஒன்றை மறித்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அதன் இழுவைப் பெட்டியில் ஏற்றிப் பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தாள். ஒருத்தி மட்டும் மிச்சம். சுகந்தியின் வீடு வயல்வெளிக்கு அப்பால், வாய்க்கால் உடைப்பெடுத்த இடத்தில். இனியும் உள்ளே போனால் ஏறியிருக்கிற எல்லோருக்கும் பரீட்சை தவறும் என்றார் ட்றக்டர்காரர். “திருப்புங்க” என்று சொன்னவள் தனுஷா.

முதல் தடவை கேட்டபோது றிபாஸ்தான் குறை கண்டுபிடித்தான். “கதை சோக்கா இரிக்கு. ஆனா கடைசியில சறுக்குது. பெறுபேறு எண்டா முழுசா வரணும். அந்தப் புள்ளய எடுத்திருங்க.”

சரிதானே என்று எல்லோருக்கும் பட்டது. சுகந்தியைக் கதையிலிருந்து எடுத்தோம். கிருஷிகா அந்தக் கதையைப் புதனுக்குப் புதன் சொன்னாள். தண்ணீரின் நிறம், ட்றக்டரின் இரைச்சல், நனைந்துவிடாமல் தலையில் வைத்த பரீட்சை அட்டை. அவள் சொல்லச் சொல்ல அது மெருகேறியது.

3. தடுப்புக்கு அப்பால்

கொழும்புக் கம்பனி ஒன்று ஆள் எடுத்தபோது கடைசிச் சுற்றுக்கு இருவருமே வந்தார்கள். இடம் ஒன்று. நேர்முகம் கணினித் திரையில். வீடுகளில் சிக்னல் நிற்காது என்று என் அறையைக் கொடுத்தேன். முதலில் கிருஷிகா. நானும் தனுஷாவும் தடுப்புக்கு இந்தப் பக்கம் வாங்கில் இருந்தோம். பலகைக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

கேஸை அவள் நன்றாகவே செய்தாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது. பள்ளிக்கூடச் சந்தை நடத்திய தன் கதையை அவள் தொடங்குவாள் என்று நான் காத்திருந்தேன்.

“அன்றைக்கு எங்கள் ஊர்ப் பாதையெல்லாம் தண்ணீர்” என்று ஆங்கிலத்தில் தொடங்கியது அவள் குரல்.

நான் எழும்பிவிட்டேன். தனுஷா என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

“இருங்க மிஸ். வேணாம்.”

“அது உன்ட கதையெல்லுவா?”

“ஓம். அவள் சொல்லி முடிக்கட்டும்.”

தண்ணீரின் நிறம், ட்றக்டரின் இரைச்சல், தலையில் வைத்த அட்டை, எல்லாம் வந்தன. திரையில் இருந்தவர்கள் பாராட்டியதும் கேட்டது. தனுஷா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிருஷிகா கதவைத் திறந்து வந்தாள். தனுஷாவைக் கண்டதும்தான் அவளுக்கே விளங்கியதுபோல முகம் வெளிறியது.

“என்ட கதை வாயில வரல்ல தனு. தேடினன், ஒண்டுமே இல்ல. வந்தது இதுதான்.”

“விலகுகா. நேரம் போகுது.”

தனுஷாவிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவளும் அந்த வெள்ளத்துக்குத்தான் போனாள், வேறு எங்கே போவாள்? ஆனால் முன்பாதி போய்விட்டது. மிஞ்சியிருந்தது நாங்கள் வெட்டி எறிந்த துண்டு மட்டும். ஒரு வெள்ளத்தில் ஒரு தோழியை விட்டுவிட்டு வந்தேன், ட்றக்டரைத் திருப்பச் சொன்னது நான்தான் என்றாள்.

“அதன் பெறுபேறு என்ன?”

“அவள் பரீட்சை எழுதவில்லை. அதற்குப் பிறகும் எழுதவில்லை.”

திரையில் யாரோ நன்றி சொன்னார்கள்.

வேலை கிருஷிகாவுக்குக் கிடைத்தது. அன்று மாலை தனுஷாவிடம் கேட்டேன், ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று.

“சொன்னா ரெண்டு பேரையும் கள்ளிகள் எண்டு தள்ளியிருப்பாங்க மிஸ். ஒராளாவது போகட்டும்.” பிறகு, “அவள் சொல்லக்குள்ள எனக்கே அது அவளுக்கு நடந்த மாதிரித்தான் இருந்திச்சு” என்றாள்.

கிளப் இன்னும் நடக்கிறது. கதை மாற்றலை மட்டும் நிறுத்திவிட்டோம். பிள்ளைகள் குழறட்டும், இழுக்கட்டும், கூச்சப்படட்டும். தன் கதையைத் தன் வாயால் சொல்லித்தான் பழகவேண்டும். இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். பெறுபேறு முழுசாக வரவேண்டும் என்று யாரையும் கதையிலிருந்து இறக்குவதில்லை. இதைக் கற்றுக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி ஒன்றுமில்லை. இப்போது செருப்புக் கடையில் அண்ணனுக்குப் பக்கத்தில் தனுஷாவும் நிற்கிறாள்.

கிருஷிகா கொழும்புக்குப் புறப்பட்ட நாளில் செங்கலடிச் சந்திக்குத் தனுஷாவும் வந்திருந்தாள். கடையிலிருந்து நேரே வந்தவள், கையில் புது ரப்பரின் மணம். நான் ஒதுங்கி நின்றேன். பஸ் இரைந்துகொண்டு நின்றது. கிருஷிகா மிதிபலகையில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“என்னோட கதைக்க மாட்டியா தனு? ஏசவாவது ஏசு.”

தனுஷா அவளுடைய பையைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

“மறுகா யாரும் அந்த ட்றக்டர் கதையக் கேட்டா, சொல்லுகா. சுகந்தியையும் சேர்த்துச் சொல்லு.”